வய்ய என்றவள் நடுவில்

எங்கள் மேளத்துக்கு ஆசான் கிடையாது. இருந்தார், நாலு மாதம். அங்கன்வாடிக்குப் பின்னால் ரப்பர் மரங்களுக்கு நடுவில் எங்களை உட்கார வைத்து, கருங்கல்லில் புளியங்கம்பால் அடித்துப் பழகச் சொன்னார். கை பழகி, செண்டையைத் தோளில் மாட்டி, முதல் தடவை ஒரு கோயில் முற்றத்தில் அடித்துக் காட்டிய அதே வாரத்தில் அவருக்குத் துபாய் விசா வந்தது. ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போய்விட்டார். மிச்சம் நாங்கள் பதினொரு பெண்கள். பதினொரு வாய் என்று சொன்னால் இன்னும் சரியாக இருக்கும்.

இனி யார் ஆசான் என்று ஒரு மாதம் சண்டை போட்டோம். எல்லாரும் ஒரே அயல்கூட்டம், அதாவது ஒரே மகளிர் குழுப் பெண்கள். சுயஉதவிக் கடனிலிருந்து குழாய்த்தண்ணீர் வரை எல்லாவற்றுக்கும் சண்டை போட்டுப் பழகியவர்கள், இதற்கு மட்டும் விடுவோமா? கடைசியில் சண்டை போட்டுச் சலித்துத்தான் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம். இப்போது யாராவது வந்து, நீங்கள் ஒற்றுமையாகச் சேர்ந்து நடத்துகிறீர்களே என்று புகழும்போது எனக்குச் சிரிப்பு வரும். ஒருத்திக்குக் கீழே இன்னொருத்தி நிற்க மாட்டாள், அவ்வளவுதான் விஷயம்.

சிங்காரி மேளம் மெதுவாகத் தொடங்கி நாலு கட்டமாக வேகம் ஏறும். கட்டத்துக்கு ஒருத்தி தலைமை. தன் கட்டம் முடிந்ததும் அவள் கோலைத் தலைக்கு மேல் ஒரு தடவை தூக்குவாள். அடுத்தவள் எடுத்துக்கொள்வாள். கடைசிக் கட்டம் என்னுடையது. அதற்கு ஓட்டம் என்று பெயர் வைத்திருந்தோம். ஆட்கள் காத்து நிற்பது அதற்குத்தான். செண்டையும், இலத்தாளம் என்கிற வெண்கலத் தாளமும் ஒன்றாகப் பொரிந்து, அடிக்கிறவர்களும் ஆடி, பார்க்கிறவர்களும் ஆடி, சட்டென்று நிற்கும். அந்த நிற்கிற நொடி என் கையில் இருந்தது. வேறு எதுவும் என் கையில் இருந்ததில்லை என்பதால் அதில் எனக்குப் பெரிய கர்வம்.

இதற்கு மேல் ஒரு சட்டமும் எங்களுக்கு உண்டு. முதல் வருஷம் ஒருத்தி, கர்ப்பப்பை எடுத்து மூன்று மாதம்கூட ஆகாமல், சொல்லாமல் கொள்ளாமல் ஊர்வலத்துக்கு வந்தாள். பாதி வழியில் செண்டையோடு குப்புற விழுந்தாள். அவளை ஆட்டோவில் ஏற்றிவிட்டு வந்து, எங்களில் மூத்தவள், இலத்தாளம் போடுகிற மைனி, அண்ணியை மைனி என்போம், ஊருக்கே அவள் மைனிதான், ரோட்டோரத்திலேயே சட்டம் போட்டாள்.

"இனி ஆருக்கு வய்யவோ, அவ தோளில செண்டைய மாட்டதுக்கு முன்ன செல்லணும். என்னத்துக்கு வய்யன்னு ஒருத்தியும் கேக்கப்பிடாது. வய்யாதவ நடுவில நிப்பா. அவளுக்க கைக்கு எவ்வளவு ஏலுமோ அதாக்கும் நமக்க வேகம்."

முடியவில்லை என்பதற்கு எங்கள் பக்கத்தில் வய்ய என்போம். வீட்டில் அந்தச் சொல்லைச் சொன்னால் உடனே ஏன், எதற்கு, நேற்று நன்றாகத்தானே இருந்தாய் என்று விசாரணை நடக்கும். மேளத்தில் நடக்காது. மாதவிலக்கு வலி, இரவெல்லாம் பிள்ளைக்குக் காய்ச்சல், வீட்டில் அடிபட்டு வந்த முதுகு, எதுவானாலும் ஒரே சொல். சொன்னவள் நடுவில் போய் நிற்பாள், பத்துப் பேர் அவள் கையைப் பார்த்து அடிப்போம். கட்டத்துக்கு ஒரு தலைவி என்பதெல்லாம் அன்றைக்கு அவளுக்குப் பின்னால்தான். கேட்கிறவர்களுக்கு எங்கே தெரியப்போகிறது? கொஞ்சம் நிதானமான மேளம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

ஆறு வருஷத்தில் எல்லாரும் நடுவில் நின்றிருக்கிறார்கள், மைனி உட்பட. நான் மட்டும் நின்றதில்லை. அதை நான் வாயால் சொல்லிக் காட்டியதில்லை. ஆனால் எல்லாருக்கும் தெரியும்படி நடந்துகொண்டேன்.

எனக்கு வய்யாமல் இல்லை. பகலில் பள்ளிக்கூடத்தில் மதியச் சோறு வைக்கிற வேலை. இருநூறு பிள்ளைகளுக்கு வேகிற அரிசியைக் கிளறி வடிக்க வேண்டும். வீட்டில் கணவர் கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுந்து இரண்டு வருஷமாகப் படுக்கை. காலையிலும் மாலையிலும் அவரைத் தூக்கி உட்கார வைத்து, துடைத்து, திருப்பிப் போட வேண்டும். ஆள் நல்லவர்தான். நான் தூக்கும்போதெல்லாம், "செண்டையவிட பாரம் கொறவாக்கும், என்ன?" என்று கேட்பார். சிரிக்கக்கூடத் தெம்பிருக்காது. போன வருஷம் மழைக்காலத்திலிருந்து வலது கையில் மூன்று விரல் மரத்துப்போகத் தொடங்கியது. கோலைப் பிடித்திருக்கிறேனா இல்லையா என்று பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். நான் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஓட்டம் போய்விடும். ஓட்டத்தை எடுக்க ஆள் தயாராக இருப்பதும் எனக்குத் தெரியும்.

எனக்கு இடது பக்கம் நிற்கிறவள் கடப்புறத்துக்காரி. காஞ்சிரங்குளத்துக்கும் கீழே, கடலோரத்தில் பிறந்தவள். அவள் கணவர் வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிறவர். பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்காக எங்கள் வார்டில் வாடகைக்கு வந்தவர்கள். என்னைவிடப் பத்து வயது இளையவள். கோலை அவள் பிடிக்கிற அழகே தனி, மணிக்கட்டு மட்டும்தான் அசையும். கடலோரத்து மாதா கோயில் திருநாள்கள் எல்லாம் அவள் மூலமாக எங்களுக்கு வந்தவை. பேச்சுக் குறைவு. பதினொரு வாய் என்று சொன்னேனே, அதில் ஒன்றைக் குறைத்துக்கொள்ளலாம்.

போன உற்சவ காலத்தில் அவள் வய்ய என்றாள். நடுவில் நின்றாள். அடுத்த நிகழ்ச்சியிலும் வய்ய. அதற்கடுத்ததும் வய்ய. மூன்றாவது தடவை நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். நாலாவது தடவை வேனில் குசுகுசுவென்று பேச்சு. சட்டப்படி கேட்கக் கூடாது என்பதால் அவளிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை. ஐந்தாவது தடவை நெய்யாற்றின்கரைப் பக்கம் ஒரு ஊர்வலத்தில், ஓட்டம் ஓட்டமாகவே இல்லை. கிழவர்கள் நடைப்பயிற்சி போவதுபோல் போனது. விழாக் கமிட்டிக்காரர் ஒருவர் தண்ணீர் பாட்டிலை நீட்டிக்கொண்டே என்னிடம் கேட்டார்: "சேச்சீ, இது மேளமோ தாராட்டோ?"

தாலாட்டாம். அதுவும் என் முகத்தைப் பார்த்து. என்னைத்தானே முன்னால் நின்று கோல் தூக்குகிறவளாக அவர் பார்த்தார்? அந்தத் தண்ணீரை நான் குடிக்கவில்லை.

அந்தப் புதன்கிழமைப் பயிற்சியில் எல்லாரும் உட்கார்ந்திருந்தபோது பேச்சை எடுத்தேன். பொதுவாகத்தான் தொடங்கினேன், இப்படியே போனால் ஒருத்தரும் கூப்பிட மாட்டார்கள் என்று. பிறகு அவள் பக்கம் திரும்பிவிட்டேன்.

"ஒனக்கு என்னத்த வய்யாம, பிள்ளே? அஞ்சு பரிபாடிக்கும் ஒருத்திக்கு மட்டும் வய்யாம வருமா?"

அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் நான் நிறுத்தியிருப்பேனோ என்னவோ. கோபம் இல்லை. அதனால் எனக்கு இன்னும் ஏறியது.

"மீன்கூடை சொமக்க நல்லா ஏலும். செண்டைதான் பாரம். கடப்புறத்துக்காரியள மேளத்துல சேத்தா இப்பிடித்தான் ஆவும்."

சொன்னேன். இதில் ஒரு எழுத்தும் குறைத்து எழுதவில்லை. அவள் தலையில் மீன்கூடை இருந்து நான் ஒருநாளும் பார்த்ததில்லை. அவள் அம்மா சுமந்திருக்கலாம். அது எனக்கு அப்போது எங்கிருந்து வாயில் வந்தது என்று கேட்டால், எங்கேயோ தூரத்திலிருந்து வரவில்லை, எங்கள் வீடுகளில் அடுப்படியில் கிடக்கிற பேச்சுதான் அது. ஒன்பது பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி செண்டைக் கயிற்றை முறுக்கினாள். மைனி வெற்றிலையை மென்றுகொண்டிருந்தாள். மென்றுகொண்டே இருந்தாள்.

சட்டத்தை மாற்றலாம் என்றேன். வய்யாதவள் வீட்டில் இருக்கட்டும், வருகிறவர்கள் முழு வேகத்தில் அடிப்போம். கை தூக்கச் சொன்னேன். ஒவ்வொன்றாகக் கைகள் எழுந்தன. கடைசியாக அவளும் தூக்கினாள். ஒருத்திகூட எதிர்க்கவில்லை. ராத்திரி எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் அவள் விலகிவிட்டதாக ஒரு வரி வந்தது. அதற்குக் கீழே யாரும் எதுவும் எழுதவில்லை.

அடுத்தது ஒற்றசேகரமங்கலம் பக்கம் ஒரு கோயில். மலையடிவாரம், நல்ல கூட்டம், சாயங்கால வெயில். முதல் கட்டத்திலிருந்தே முழு வேகம். பல நாள் கட்டிப்போட்டதை அவிழ்த்துவிட்டதுபோல எல்லாருக்கும் ஒரு வெறி. எனக்கும்தான். மூன்றாவது கட்டத்திலேயே விரல்கள் மரத்துவிட்டன. முன்னவள் கோல் தூக்கியதும் ஓட்டத்தை வாங்கிக்கொண்டேன். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று உதட்டைக் கடித்துக்கொண்டு ஏற்றினேன். ஐந்து நிகழ்ச்சியாக என் கை இப்படி மரத்துப்போகவில்லை என்பது அப்போது நினைவுக்கு வந்தது. அதன் அர்த்தம் மட்டும் புரியவில்லை.

வலது கையிலிருந்து கோல் போய்விட்டது. நான் விட்டது எனக்கே தெரியவில்லை. வெறுங்கையால் ஒரு அடி அடித்த பிறகுதான் தெரிந்தது. அது பறந்துபோய் முன்வரிசையில் ஒரு குழந்தையின் காலடியில் விழுந்தது. ஓட்டத்தில் எல்லாரும் என் கையைத்தான் பார்ப்பார்கள். என் கை நின்றதும் இரண்டு பேர் நிறுத்தினார்கள், மூன்று பேர் தொடர்ந்தார்கள், ஒருத்தி நான் முடிக்கச் சொன்னதாக நினைத்து முடிக்கிற அடியை அடித்தாள், இன்னொருத்தி மூன்றாம் கட்டத்துக்கே திரும்பிப் போய்விட்டாள். ஆளாளுக்கு ஒன்று. தலைவர் இல்லாத மேளம் எப்படி இருக்கும் என்று ஊர் அன்று கேட்டது. மைனி இலத்தாளத்தை ஓங்கி ஒரு அடி அடித்து மூடினாள். சிலர் கை தட்டினார்கள். அது ஓட்டத்துக்குத் தட்டுகிற கைத்தட்டல் இல்லை.

வேனில் திரும்பினோம். நான் போட்ட சட்டப்படி நான் வீட்டில் இருந்திருக்க வேண்டும். ஒருத்தியாவது அதைச் சொல்லிக் காட்டியிருந்தால் திருப்பிக் கத்தியிருப்பேன், ஒரு ஆறுதலாக இருந்திருக்கும். ஒருத்தி என் வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்துத் தேய்த்துக்கொண்டே வந்தாள். பாறசாலை வரும்வரை நான் வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு நாள் கழித்துப் பள்ளிக்கூட வேலை முடிந்து அவள் வீட்டுக்குப் போனேன். ஆள் குறைந்துவிட்டது, வா என்று கூப்பிடத்தான் போனேன். வேறு நல்ல எண்ணம் ஒன்றும் இல்லை. வேலிக்கு வெளியே நிற்கும்போதே துவைக்கிற சத்தம் கேட்டது. போர்வை மாதிரி ஏதோ கனமான துணி. ஓங்கி, ஒரே சீராக, இடைவெளி பிசகாமல் அடித்துக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். இரண்டு தோளும் இரண்டு கையும் எந்தக் குறையும் இல்லாமல் வேலை செய்தன. எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. கூப்பிட வந்தது மறந்துபோயிற்று.

"ஒனக்கு ஒரு கேடும் இல்லியே!"

அவள் துணியைக் கல்லில் வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "எனக்கு என்ன கேடு? நல்ல சுகமாக்கும்."

"பின்ன என்னத்துக்கு அஞ்சு தடவ வய்யன்னு சொன்ன?"

கையைப் பாவாடையில் துடைத்தாள். சொல்லலாமா வேண்டாமா என்று யோசிப்பதுபோல் இருந்தது.

"அக்காவுக்குத்தான் வய்ய. ஒங்க வலது கோலு ரண்டு தடவ வழுகிச்சு. ஓட்டம் முடிஞ்சு நீங்க அந்தக் கைய எடது கையால பிடிச்சு தூக்கி மடியில வெச்சிய. நான் ஒங்களுக்க பக்கத்துல தான நிக்கேன், கண்டேன். ஒங்களட்ட செல்லுங்கன்னா செல்லுவியளா? செத்தாலும் செல்லமாட்டிய. அதனால நான் செல்லினேன். ஆரு நடுவில நிண்ணா என்ன, வேகம் கொறஞ்சா போதும்லா."

நான் துவைக்கிற கல்லின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டேன். ஆறு வருஷம் ஒரு தடவைகூட நான் சொல்லாத சொல்லை, எனக்காக ஐந்து தடவை சொல்லியிருக்கிறாள். அதற்குத்தான் நான் அவளுக்கு அந்தக் கூலி கொடுத்தேன். வெட்கமாக இருந்தது. அழுகை வரவில்லை. அழுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும்.

"அண்ணைக்கே செல்லியிருக்கலாம்லா? அத்தன பேருக்க முன்ன நான் ஒன்ன..."

"அத்தன பேருக்க முன்ன ஒங்களுக்கு வய்யன்னு நான் எப்பிடி செல்லுவேன்? அது ஒங்களுக்குக் கொறச்சல் இல்லியா?"

கட்டஞ்சாயா போட்டுக் கொண்டுவந்தாள். பால் சேர்க்காத சாயா, சர்க்கரை கூடுதல். குடித்தேன். பிறகு, நான் அப்படிப் பேசியது தப்பு, மேளத்துக்கு வா என்றேன். என் வாழ்க்கையில் நான் கேட்ட மன்னிப்புகளில் அதுதான் பெரியது என்று எனக்குள் ஒரு நினைப்பு வேறு.

"என்னய மட்டும் செல்லியிருந்தியண்ணா நான் அடுத்த புதனாழ்ச்ச வந்திருப்பேன் அக்கா. நீங்க எனக்க ஊர செல்லினிய. கூடை சொமந்த எனக்க அம்மைய செல்லினிய. ஒம்பது பேருக்க முன்ன வெச்சாக்கும் செல்லினிய. இப்ப இஞ்ச தனியா வந்திருந்து தப்புன்னு செல்லுதிய." குரல் ஏறவே இல்லை. "அந்த ஒம்பது பேரும் கேட்டோண்டுதான இருந்தாவ."

டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்தேன். அவள் கழுவ வேண்டாம் என்று சொல்லவில்லை.

புதன்கிழமை பயிற்சிக்கு எல்லாரும் வந்த பிறகு சொன்னேன். என் விரல்களைப் பற்றிச் சொன்னேன். அவள் ஐந்து தடவை நடுவில் நின்றது எதற்கு என்று சொன்னேன். ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு மைனியிடம், அவளுக்கு போன் போடு, எல்லாருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போடு என்றேன். என் போனிலிருந்து போட்டால் எடுக்க மாட்டாளோ என்று பயம். மைனி போட்டாள். மணி அடித்தது. எடுத்தாள்.

"எல்லாரும் கேக்காவ," என்றேன். "நான் அண்ணைக்குக் கடப்புறத்தப் பத்தியும் ஒனக்க அம்மையப் பத்தியும் செல்லினது தப்பு. ஆணவத்துல செல்லினேன். நிய்யி நிண்ணது எனக்காக. அது எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தாலும் இல்லாட்டியும் செல்லியிருக்கப்பிடாது."

மைனி வாயிலிருந்த வெற்றிலையை வெளியே போய்த் துப்பிவிட்டு வந்து போனுக்குக் குனிந்தாள்.

"மக்கா, நான் மைனி. அவ செல்லும்ப நானும் இஞ்ச இருந்தேன். வாய மூடச் செல்லியிருக்கணும். செல்லல்ல. எனக்கும் அதுல பங்குண்டு."

பிறகு இன்னொருத்தி, நானும்தான் என்றாள். பிறகு மற்றவர்கள். சிலர் முனகினார்கள், ஒருத்தி உரக்கச் சொன்னாள். ஆசான் இல்லாததால்தான் அன்று என்னைத் தடுக்க ஆளில்லாமல் போனது என்று நான் இரண்டு நாளாக எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். தடுக்கக்கூடிய ஒன்பது பேர் இருந்தார்கள். என்னோடு சேர்த்துப் பத்துப் பேர்.

"கேட்டேன்," என்றாள் அவள் போனில். பிறகு, "மழ வருது. துணி கெடக்கு, எடுக்கணும்," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

வருவாளா மாட்டாளா என்று ஒருத்தியும் கேட்கவில்லை. பழைய சட்டமே இருக்கட்டும் என்று மைனி சொன்னாள், அதற்குக் கை தூக்கச் சொல்லவில்லை. எல்லாரும் எழுந்து செண்டையை எடுத்தார்கள். நானும் என்னுடையதை எடுத்தேன். மாட்டுவதற்கு முன்னால் கீழே வைத்தேன். இத்தனை சின்னச் சொல்லுக்கு இவ்வளவு பாரம் இருக்கும் என்று, ஐந்து தடவை சொன்ன அவள் ஒருநாளும் காட்டிக்கொண்டதில்லை.

"எனக்கு வய்ய," என்றேன்.

யாரும் ஏன் என்று கேட்கவில்லை. நகர்ந்து வழி விட்டார்கள்.